முதலில் அடுக்கு, பிறகு பிணை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன் செவிலியர் குப்பியை ஒரு கணம் கண்ணருகே கொண்டுபோவார். குப்பியின் மேல் ஊதா நிற வட்டம் ஒன்றும், அதற்குள் வெளிறிய சிறு சதுரம் ஒன்றும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்தைக் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ, அதையும் தாண்டிக் கறுத்துவிட்டாலோ குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாள் முதல் அந்தக் குப்பி எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது என்ற மொத்தக் கணக்கும் அந்தச் சதுரத்தில் பதிந்திருக்கிறது. 1996-ல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில்தான் இது முதன்முதலில் புழக்கத்துக்கு வந்தது.

சதுரத்துக்குள் மின்கலமோ சில்லோ கிடையாது. டைஅசெட்டிலின் என்னும் வகையைச் சேர்ந்த கரிமச் சேர்மம்தான் நுண்படிகங்களாக இருக்கிறது. தனித்தனியாக இருக்கும்போது நிறமில்லாத அதன் மூலக்கூறுகள், வெப்பம் பட்டால் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. சங்கிலிகள் பெருகப் பெருகச் சதுரத்தில் நிறம் ஏறுகிறது. அதே சேர்மத்தை ஒரு திரவத்தில் கரைத்துவிட்டால் இந்தச் சங்கிலி உருவாவதில்லை. மூலக்கூறுகள் படிகத்துக்குள் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்கும்போது மட்டுமே பிணைகின்றன. அப்படியானால் இந்த வினையைத் தீர்மானிப்பது மூலக்கூறின் குணம் மட்டும் அல்ல. அது நிற்கும் இடமும் சேர்த்துத்தான்.

இதை ஒரு தற்செயலாக விட்டுவிடாமல் ஒரு கைவினையாக வளர்க்க முடியுமா என்பதே கடந்த அறுபது ஆண்டுகளாக வேதியியலின் ஒரு கிளை கேட்டுவரும் கேள்வி. மூலக்கூறுகள் தாமாக அடுக்கிக்கொள்ளும் இயல்பைக் கொண்டு, அவற்றுக்கிடையே எங்கே, எந்தத் திசையில் நிலையான பிணைப்பு விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய முடியுமா?

வலியதும் மெலியதும்

இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வதால் உண்டாவது சகப்பிணைப்பு. கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான ஒற்றைப் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெலிந்த பிணைப்புகளுக்கு அதில் பதினைந்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோ போதும். சாதாரண அறை வெப்பத்தில் மூலக்கூறுகளை ஓயாமல் உலுக்கிக்கொண்டிருக்கும் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 2.5 கிலோஜூல். இந்த மூன்று எண்களை அருகருகே வைத்தால் விஷயம் புரிந்துவிடும். அந்த உலுக்கலில் மெலிந்த பிணைப்புகள் விட்டு விட்டுச் சேரும். தவறான இடத்தில் ஒட்டிக்கொண்ட மூலக்கூறு கழன்று, சரியான இடம் கிடைக்கும்வரை மறுபடி மறுபடி முயலும். சகப்பிணைப்புக்கு இந்த வாய்ப்பு இல்லை. தவறாக விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான்.

வீட்டுக்குத் தளம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கான்கிரீட் இறுகிய பின் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அதைக் கொட்டுவதற்கு முன்பே சென்ட்ரிங் அடிக்கிறார்கள். தகடு பரப்பி, முட்டுக் கொடுத்து, மட்டம் பார்த்து, கோணல் இருந்தால் ஆப்பைத் தட்டிச் சரிசெய்கிறார்கள். தளத்தோடு ஒப்பிட்டால் சென்ட்ரிங்குக்கு வலு ஒன்றுமில்லை. ஆனால் தளத்தின் வடிவம் முழுக்க அதன் சொல்படிதான். திருத்தக் கூடியதை முதலில் நிறுத்து, திருத்த முடியாததை அதன்மேல் ஊற்று என்ற இந்த வரிசையைத்தான் வேதியியலாளர்கள் மூலக்கூறு அளவில் கைக்கொள்ள முயல்கிறார்கள். இந்த வேலையில் எங்கே சிக்கல் வரும் என்பதையும் சென்ட்ரிங் நமக்குச் சொல்லும். ஒன்று, மட்டம் சரியாக அமைய வேண்டும். மற்றொன்று, வேலை முடிந்ததும் சென்ட்ரிங் பிரிந்து வர வேண்டும்.

ரெஹோவோட்டில் பிறந்த விதி

லவங்கப்பட்டைக்குப் பெயரிலும் அமைப்பிலும் உறவான சின்னமிக் அமிலத்தின் படிகங்களை வெயிலில் வைத்தால் அவை மாறிப்போகின்றன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தெரிந்திருந்தது. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து, நான்கு கார்பன்கள் சதுரமாகக் கைகோத்த ஒரு புதுச் சேர்மம் கிடைக்கும். வேதியியலில் அந்தச் சதுரத்துக்குச் சைக்ளோபியூட்டேன் வளையம் என்று பெயர். ஆனால் இந்த அமிலத்தையும் இதன் உறவுச் சேர்மங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளில் ஒரே முடிவு கிடைக்கவில்லை. சில படிகங்கள் ஒரு வகைச் சதுரத்தைத் தந்தன, சில வேறொரு வகையைத் தந்தன, சில எவ்வளவு ஒளி பட்டாலும் அசையவில்லை. கரைசலிலோ சதுரமே விழுவதில்லை. மூலக்கூறு இரட்டைப் பிணைப்பில் முறுகி வடிவம் மாற்றிக்கொள்வதோடு சரி.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் கெர்ஹார்ட் ஷ்மிட். ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கினிடம் எக்ஸ்கதிர்ப் படிகவியல் கற்றவர். பின்னர் இஸ்ரேலின் ரெஹோவோட் நகரில் உள்ள வைஸ்மான் நிறுவனத்தில் ஆய்வுக்குழு அமைத்தார். 1964-ல் எம். டி. கோஹனோடும் மற்றவர்களோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரைகள் சொன்ன செய்தி இது: இந்த அமிலங்கள் மூன்று விதமாக அடுக்கிப் படிகமாகின்றன. முதல் வகையில் அண்டை மூலக்கூறுகள் தலைமாடு கால்மாடாகத் திரும்பிக் கிடக்கின்றன. இரண்டாம் வகையில் ஒரே திசை பார்த்து அடுக்கியிருக்கின்றன. இந்த இரண்டிலும் பக்கத்துப் பக்கத்து இரட்டைப் பிணைப்புகளுக்கு இடையே 4.2 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இடைவெளி இல்லை. ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். மூன்றாம் வகையில் இடைவெளி 4.7 முதல் 5.1 ஆங்ஸ்ட்ராம்.

முதல் வகைப் படிகம் தரும் சதுரத்தில் மூலக்கூறுகள் எதிரெதிராகத் திரும்பியே பிணைந்திருக்கும். இரண்டாம் வகையில் ஒரே பக்கம் பார்த்தபடி பிணைந்திருக்கும். மூன்றாம் வகையில் ஒன்றும் நடக்காது. அரை ஆங்ஸ்ட்ராம் தள்ளி நின்றதால் நடக்க வேண்டிய வினை நடக்காமலே போகிறது. இரட்டைப் பிணைப்புகள் இணையாகவும், 4.2 ஆங்ஸ்ட்ராமுக்குள்ளும் நின்றால் மட்டுமே படிகத்தில் சதுரம் விழும் என்ற ஷ்மிட்டின் விதி இப்படி உருவானது. மூலக்கூறுகள் தம் இடத்தை விட்டு அதிகம் நகராமலே வினை முடிய வேண்டும் என்பது இதன் அடிநாதம். ஒளியின் பங்கு ஆற்றல் கொடுப்பதோடு முடிகிறது. எது எதோடு சேர வேண்டும் என்பதைப் படிகம் வளர்ந்தபோதே மெலிந்த விசைகள் முடிவு செய்துவிட்டன.

1969-ல் கெர்ஹார்ட் வெக்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதே தத்துவத்தை டைஅசெட்டிலின் படிகங்களில் கண்டார். இங்கே மூலக்கூறுகள் ஏணிப்படிகளைச் சாய்த்து வைத்தாற்போல, ஏறத்தாழ 5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில், ஏறத்தாழ 45 பாகை சரிந்து அடுக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு மூலக்கூறின் முனைக் கார்பன் அடுத்ததன் முனைக் கார்பனுக்கு எட்டும் தூரத்தில் வரும். ஒன்று பிணைந்தால் அந்தப் பிணைப்பு அடுத்ததை இழுக்க, அது அதற்கு அடுத்ததை இழுக்கச் சங்கிலி படிகத்துக்குள் நீள்கிறது. எலக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவி நிற்பதால் அது ஒளியை உட்கொண்டு ஆழ்ந்த நிறம் காட்டுகிறது. தடுப்பூசிக் குப்பியின் சதுரம் கறுப்பதும் இப்படித்தான்.

விதி நெகிழ்ந்த இடம்

ஷ்மிட்டின் விதி அழகானது. அழகான விதிகளுக்கு விதிவிலக்குகளைத் தேடுவதும் ஆய்வின் ஒரு பகுதிதான். அந்தத் தேடலில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு முக்கியமான இடம் உண்டு. படிகவியலாளர் கே. வெங்கடேசனும் ஒளிவேதியியலாளர் வி. ராமமூர்த்தியும் 1980-களில் அங்கே கூமரின் என்ற சேர்மத்தின் வழித்தோன்றல்களை வரிசையாக எடுத்து ஆராய்ந்தார்கள். குளோரின் அணு ஒன்றைத் தாங்கிய 7-குளோரோகூமரினில் இரட்டைப் பிணைப்புகளின் இடைவெளி 4.45 ஆங்ஸ்ட்ராம். விதிப்படி அது வினைபுரியக் கூடாது; ஆனாலும் புரிந்தது. 7-மெத்தாக்சிகூமரினில் தூரம் 3.83 ஆங்ஸ்ட்ராம்தான், ஆனால் இரட்டைப் பிணைப்புகள் இணையாக இல்லை. ஒன்றுக்கொன்று 65 பாகை முறுகி நின்றன. அதுவும் வினைபுரிந்தது.

படிகம் நாம் நினைத்த அளவுக்கு விறைப்பானதல்ல என்பதே இதன் பொருள். வினைபுரியும் மூலக்கூறுகளைச் சுற்றி ஒரு சிறு அறை இருப்பதாகக் கொள்ளலாம் என்று கோஹன் 1975-ல் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். அந்த அறையில் எந்தப் பக்கம் கொஞ்சம் காலியிடம் இருக்கிறது, எந்தச் சுவர் நெகிழும், எது நெகிழாது என்பதைப் பொறுத்து மூலக்கூறு திரும்பவோ நகரவோ முடியும். ராமமூர்த்தியும் வெங்கடேசனும் 1987-ல் எழுதிய நீண்ட மதிப்பாய்வுக் கட்டுரை இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இன்றும் புரட்டும் ஒன்று. தூரத்தை அளந்தால் போதும் என்றிருந்த நிலை மாறி, சுற்றியுள்ள வெற்றிடத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்ற பார்வை அதற்குப் பின் வலுப்பட்டது. முட்டு எத்தனை அடியில் நிற்கிறது என்பதோடு, பாரம் ஏறும்போது எவ்வளவு அமுங்கும் என்பதும் மேஸ்திரிக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. ஒரு மூலக்கூறின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தால் அது எப்படிப் படிகமாகும் என்று சொல்ல முடியாமல் இருந்தது. மிக எளிய திடப்பொருளின் படிக அமைப்பைக்கூட வேதி வாய்பாட்டிலிருந்து கணிக்க முடியாதது அறிவியலுக்கு நேர்ந்த அவமானம் என்ற பொருளில் 'நேச்சர்' இதழின் ஆசிரியர் ஜான் மேடாக்ஸ் 1988-ல் எழுதினார். மூலக்கூறில் சிறு மாற்றம் செய்தாலே அடுக்கு முழுவதும் குலைந்துவிடும். ஆகவே, வினைபுரியும் படிகம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் கையில் இருந்தது. இந்தியாவில் கௌதம் தேசிராஜு போன்றவர்கள் படிகப் பொறியியல் என்ற பெயரில் இதற்கு ஒரு இலக்கணம் தேடினார்கள். மெலிந்த பிணைப்புகளில் எந்த இணை திரும்பத் திரும்ப வருகிறது, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பட்டியலிடும் வேலை அது.

அதிர்ஷ்டத்தை நம்பாத வழி

அந்த இலக்கணத்தைக் கொண்டு எழுதப்பட்ட தெளிவான வாக்கியம் ஒன்று 2000-ல் கனடாவிலிருந்து வந்தது. லியோனார்ட் மெக்கில்லிவ்ரேயும் கூட்டாளிகளும் எடுத்துக்கொண்ட மூலக்கூறின் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு, இரண்டு முனைகளிலும் பிரிடின் வளையம். தனியாகப் படிகமாக்கினால் இரட்டைப் பிணைப்புகள் மிகவும் விலகி நிற்கும். ஒளி பட்டாலும் பயனில்லை. அவர்கள் இந்த மூலக்கூறைத் திருத்த முயலவில்லை. அதற்குத் துணையாக ரெசார்சினால் என்ற வேறொரு மூலக்கூறைச் சேர்த்துப் படிகமாக்கினார்கள்.

ரெசார்சினால் சிறியது; பென்சீன் வளையத்தின் ஒரே பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கைபோல நீட்டி நிற்கும். ஒவ்வொரு கையும் ஒரு பிரிடின் முனையை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு ரெசார்சினால், கீழே ஒரு ரெசார்சினால், நடுவே இரண்டு நீள மூலக்கூறுகள்: பரணுக்கு ஏறும் ஏணியின் இரண்டு கால்கள் போல அவை அருகருகே நிறுத்தப்படுகின்றன. இடைவெளி 3.65 ஆங்ஸ்ட்ராம். புற ஊதா ஒளியில் வைத்ததும், சேர வேண்டியவை எல்லாம் மிச்சமில்லாமல் சேர்ந்தன. நூறு சதவீத விளைச்சல், அதுவும் ஒரே ஒரு வடிவத்தில். கரைப்பான் தேவைப்படவில்லை, துணைவிளைவும் இல்லை. நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் நின்ற நிலையில் பிடித்துக் கொடுக்க, இரண்டு சகப்பிணைப்புகள் விழுந்தன.

இதே முறையை நீட்டித்து 2004-ல் அந்தக் குழு லேடரேன் என்னும் சேர்மங்களைச் செய்தது. சைக்ளோபியூட்டேன் சதுரங்கள் ஏணிப்படிகளாக ஒட்டிய இந்த அமைப்பு விகாரமானது. ஒவ்வொரு சதுரமும் கட்டாயத்தால் வளைக்கப்பட்ட பிணைப்புகளால் ஆனது. இப்படியொன்று இயற்கையில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியாவை நைட்ரஜனாக மாற்றும் ஒரு வகை பாக்டீரியாவின் சவ்வுகளில் இவை இருப்பது 2002-ல் தெரியவந்தது. பாக்டீரியா அதை எப்படிச் செய்கிறதோ, வேதியியலாளர் படிகத்தை வைத்துச் செய்துவிட்டார்.

சென்ட்ரிங் கட்டடத்தின் அளவுக்கே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஹாரி ஆண்டர்சன் குழு 2011-ல் காட்டிய வித்தை பள்ளிக் கணக்கை நினைவூட்டும். பன்னிரண்டு பார்ஃபைரின் அலகுகள் கொண்ட பெரிய வளையம் வேண்டும். அவர்களிடம் இருந்ததோ ஆறு கை கொண்ட அச்சு மூலக்கூறும், நான்கு அலகுகள் கோத்த துண்டுகளும். நான்கு ஆறில் மீதியின்றி அடங்காது. ஆனால் இரண்டு அச்சுகளைச் சேர்த்தால் பன்னிரண்டு கைகள், மூன்று துண்டுகளைச் சேர்த்தாலும் பன்னிரண்டு அலகுகள். நான்குக்கும் ஆறுக்கும் மீச்சிறு பொது மடங்கு பன்னிரண்டு என்பதால், கைகள் ஒன்றும் காலியாக இல்லாதபடி அமையும் ஒரே ஏற்பாட்டில்தான் மூலக்கூறுகள் வந்து நின்றன. அப்படி நின்றபின் முனைகளைப் பிணைத்ததும் பன்னிரண்டு அலகு வளையம் கிடைத்தது.

தகட்டுக்குத் தடவும் எண்ணெய்

கொத்தனார்கள் சென்ட்ரிங் தகடுகளுக்கு எண்ணெய் தடவுவார்கள். தடவாமல் விட்டால் கான்கிரீட் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த தளத்துக்கு அந்தத் தகடு உதவாது. கரைசலில் மூலக்கூறு அச்சுகளைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் முட்டி நின்றது இந்த இடத்தில்தான்.

குகர்பிட்யூரில் என்பது பூசணிக்காய் வடிவில் நடுவே குழிந்த மூலக்கூறு. பெயரும் பூசணிக் குடும்பத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். சிகாகோவில் வில்லியம் மாக் 1983-ல் அதன் குழிக்குள் ஓர் அசைடும் ஓர் அல்கைனும் எதிரெதிராக வந்து உட்காரும்படி செய்தார். வெளியே மிக மெதுவாக நடக்கும் அந்த வினை உள்ளே ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல் வேகமெடுத்தது. ஆனால் உண்டான விளைபொருள் குழியை விட்டு வெளியேற மறுத்தது. இரண்டு துண்டுகள் தனித்தனியே பிடித்திருந்த பிடியை இப்போது ஒரே மூலக்கூறு இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறது. அது எளிதில் விடுமா?

1986-ல் குந்தர் ஃபான் கீட்ரோவ்ஸ்கி செய்த சோதனையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ஆறு எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று, மூன்று எழுத்துத் துண்டுகள் இரண்டைத் தன்மேல் அருகருகே படுக்க வைத்து, அவை பிணைந்து தன் நகலாக மாற உதவியது. உயிரே இல்லாமல் ஒரு மூலக்கூறு தன்னைப் பெருக்கிக்கொண்டது என்ற அளவில் அது பெரிய செய்தி. ஆனால் நகலும் மூலமும் இணைந்து ஒட்டிக்கொண்டதால், ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருக வேண்டியது அப்படிப் பெருகவில்லை. வேகம் அச்சின் அளவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயர்ந்தது. பிடி இறுக்கமாக இருந்தால் துண்டுகள் சரியாக நிற்கும், ஆனால் நகல் பிரியாது. பிடியைத் தளர்த்தினால் நகல் பிரியும், ஆனால் துண்டுகள் நிற்காது.

இதற்கு எண்ணெய் தடவிக் காட்டியவர்களில் ஜப்பானின் மகோட்டோ ஃபுஜிதா ஒருவர். பல்லேடிய அயனிகளும் தட்டையான கரிம மூலக்கூறுகளும் தண்ணீரில் தாமாகக் கூடி, ஒரு கூண்டாகவோ கிண்ணமாகவோ அமையும்படி அவர் செய்திருந்தார். 2006-ல் அவருடைய குழு வெளியிட்ட முடிவுகள் இரண்டு. கூண்டுக்குள் ஆந்த்ரசீன் மூலக்கூறு வழக்கமாக வினைபுரியும் நடு வளையத்தை விட்டுவிட்டு ஓர வளையத்தில் வினைபுரிந்தது. நடு வளையம் கூண்டின் நெருக்கத்தில் கைக்கு எட்டவில்லை. மற்றொன்று கிண்ணத்தில் நடந்தது. ஆந்த்ரசீன் தட்டையானது என்பதால் கிண்ணத்தின் தட்டையான சுவரோடு நன்றாக ஒட்டிப் படுக்கும். வினை முடிந்ததும் அது நடுவில் மடங்கிவிடுகிறது. மடங்கிய பொருளுக்குச் சுவரில் பிடிப்பில்லை; வழுக்கி வெளியேறி, அடுத்த தட்டையான மூலக்கூறுக்கு இடம் விடுகிறது. சேரும்போது ஒட்டவும் சேர்ந்தபின் விலகவும் செய்தது ஒரே வடிவ மாற்றம். நம் உடலின் நொதிகளும் இதே கணக்கில்தான் வேலை செய்கின்றன. வினைக்கு முன்னும் பின்னும் பிடி ஒன்றாக இருந்தால் அவற்றாலும் இயங்க முடியாது.

அடுக்கு தேர்ந்தெடுக்கும் கட்டடம்

இதுவரை பார்த்தவற்றில் அடுக்கு முன்னால், பிணைப்பு பின்னால். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் சைப்ரன் ஒட்டோ குழு 2010-ல் இந்த வரிசையையே வளையமாக்கியது. சிறு பெப்டைடு தாங்கிய மூலக்கூறுகள் கந்தக அணுக்கள் வழியே பிணைந்து, மூன்று, நான்கு, ஆறு, ஏழு அலகுகள் கொண்ட வளையங்களாகின்றன. இந்தக் கந்தகப் பிணைப்பு சகப்பிணைப்பே என்றாலும் தண்ணீரில் அவிழ்ந்து மறுபடி முடிந்துகொள்ளக் கூடியது. வளையங்களில் எவை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நாராக நீள்கின்றனவோ அவை நிலைத்துவிடும். மற்றவை அவிழ்ந்து அவற்றுக்கே உணவாகும். நார் உடையும்போது புது முனைகள் உண்டாகி வளர்ச்சி கூடும். கரைசலைக் குலுக்கியபோது ஆறலகு வளையம் மேலோங்கியது, கலக்கியபோது ஏழலகு வளையம். ஒரே பொருள்கள்தான்; எந்தச் சகப்பிணைப்பு மூலக்கூறு பிழைக்கும் என்பதை அதன் அடுக்கும், அந்த அடுக்கு எந்த விசையில் உடைகிறது என்பதும் தீர்மானித்தன. உயிர் தோன்றுவதற்கு முந்தைய வேதியியலை ஆராய்கிறவர்கள் இதை ஆவலோடு கவனிக்கக் காரணம் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கைவினை எல்லாவற்றுக்கும் பொருந்திவிடவில்லை. ரெசார்சினாலுக்குப் பிரிடின் கிடைத்தாற்போல ஒவ்வொரு வினைக்கும் ஒத்த துணை கிடைப்பதில்லை. படிகத்தில் செய்யும் வினையில் எடுக்கக் கூடிய அளவும் குறைவு. மெலிந்த பிணைப்புகளைக் கணிக்கும் கணினி முறைகள் மேடாக்ஸ் எழுதிய காலத்தைவிட வெகுதூரம் வந்திருந்தாலும், புதிய மூலக்கூறு ஒன்று எப்படி அடுக்கும் என்பதைச் சோதனைக் குழாய்தான் இறுதியாகச் சொல்கிறது.

சென்ட்ரிங் முன்பே சொன்ன சிக்கல்கள் இரண்டையும், மட்டம் அமைவதையும் பிரிந்து வருவதையும், தடுப்பூசிக் குப்பியின் சதுரம் தன் போக்கில் கடந்திருப்பதைக் கவனிக்கலாம். அங்கே சென்ட்ரிங்கும் கட்டடமும் ஒரே மூலக்கூறுதான். பிரித்தெடுக்க எதுவும் இல்லை. படிகம் வளர்ந்தபோது திருத்திக்கொள்ள வேண்டியதெல்லாம் திருத்தியாகிவிட்டது. அதன்பின் விழும் ஒவ்வொரு பிணைப்பும் மீளாதது. வழியில் ஒரு மதியம் வெயிலில் கிடந்த குப்பியை மறுபடி குளிர்பெட்டியில் வைத்தால் மருந்து குளிர்ந்துவிடும். ஏறிய நிறம் மட்டும் இறங்காது. செவிலியர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது அதைத்தான்.